ஸ்வாம்ப் திங்: பத்து எபிசோடில் நின்ற தொடரும் முத்துப்பேட்டைச் சேறும்

2019 மே 31-ஆம் தேதி, சதுப்பிலிருந்து எழும் தாவர மனிதனைப் பற்றிய அமெரிக்கத் திகில் தொடரான 'ஸ்வாம்ப் திங்'கின் முதல் எபிசோடு வெளியானது. ஜூன் 6-ஆம் தேதி தொடர் ரத்து என்று செய்தி வந்துவிட்டது. இரண்டாவது எபிசோடுகூட அப்போது வெளியாகியிருக்கவில்லை. மீதி ஒன்பதும் வாரத்துக்கு ஒன்றாக வந்து ஆகஸ்ட் 2-ஆம் தேதி முடிந்தன. ஆக, இதைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர், இனி வராது என்று தெரிந்துகொண்டேதான் பார்த்தார்கள். சூப்பர் ஹீரோ தொடர்கள் பாதியில் நிற்பது புதிதில்லை. ஆனால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணி முடிக்கக்கூட நேரம் தராமல் நிறுத்திய தொடர் அபூர்வம். 'ஓடவில்லை, அதனால் நிறுத்தினார்கள்' என்ற வழக்கமான பதில் இங்கே செல்லாது.

டெல்டாவில் உட்கார்ந்து இதைப் பேசக் காரணம் உண்டு. தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் குறும்படம் எடுக்கிறவர்கள் நாலு பேர் கூடினால், யாராவது ஒருவர் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை வைத்து ஒரு திகில் தொடர் பண்ணலாம் என்று ஆரம்பிப்பார். காடு இருக்கிறது, சேறு இருக்கிறது, படகு இருக்கிறது, முனி கதைகளுக்கும் பஞ்சமில்லை. அதே எண்ணத்தைப் பெரும் பணம் போட்டு, தேர்ந்த ஆட்களை வைத்துச் செய்து பார்த்தவர்களின் கணக்கு நம் கண்முன் இருக்கிறது. எது நின்றது, எது சரிந்தது, ஏன் என்று பிரித்துப் பார்ப்போம்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். தொடரின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. கட்டிய சதுப்பு, செய்த உடை என்று கண்ணால் பார்க்கிற பொருளில் பணத்தை முதலிலேயே இறக்கினார்கள். கதையின் ஆகச் சிறந்த சரக்கை ஒன்பதாவது எபிசோடு வரை பூட்டி வைத்தார்கள். கணக்குப் பார்க்கும் நேரம் வந்தபோது செலவு முழுதாக எழுதியாகிவிட்டது. வரவுப் பக்கம் வெறுமையாக இருந்தது.

கதையும் பின்னணியும்

மூலம் டிசி நிறுவனத்தின் காமிக்ஸ். லென் வீன் எழுத, பெர்னி ரைட்சன் வரைய, 1971-இல் ஒரு திகில் இதழின் தனிக்கதையாக வந்தது. பிறகு தனி இதழானது. 1982-இல் வெஸ் கிரேவன் படமாக எடுத்தார். 1990 முதல் 1993 வரை டிக் டூராக் உடை அணிந்து நடித்த பழைய தொலைக்காட்சித் தொடர் 72 எபிசோடு ஓடியது. மலிவான உடை, எளிய கதை. அது 72, இது 10 என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2019-இன் தொடரை உருவாக்கியவர்கள் கேரி டாபர்மேனும் மார்க் வெர்ஹெய்டனும். ஜேம்ஸ் வானின் நிறுவனம் தயாரிப்பில் இருந்தது. முதல் எபிசோடை லென் வைஸ்மேன் இயக்கினார். கதை நடப்பது லூசியானா மாநிலத்தில் மாரே என்ற கற்பனை ஊரில். படப்பிடிப்பு நடந்ததோ வட கரோலினாவின் வில்மிங்டனில். நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் மருத்துவர் ஆபி ஆர்கேன், மர்மக் காய்ச்சல் ஒன்றை விசாரிக்கச் சொந்த ஊருக்கு வருகிறாள். அங்கே அலெக் ஹாலண்ட் என்ற உயிரியல் ஆய்வாளனைச் சந்திக்கிறாள். சதுப்பில் எதையோ கலக்கிறார்கள் என்பதை அவன் கண்டுபிடிக்கிறான். படகில் வைத்து அவனைச் சுட்டுவிடுகிறார்கள். படகு வெடிக்கிறது. தண்ணீருக்குள்ளிருந்து பச்சை உருவம் ஒன்று எழுகிறது. முதல் எபிசோடு அவ்வளவுதான்.

பலம்

முதல் பலம் சதுப்பு. வெளிப்புறக் காட்சிகளைத் தவிர, ஸ்டூடியோவுக்குள்ளேயே மரங்கள், வேர்கள், தண்ணீர் என்று ஒரு சதுப்பை எழுப்பினார்கள். இதனால் இரண்டு நன்மை. ஒன்று, நடிகர் நிஜத் தண்ணீரில் நடக்கிறார். முழங்கால் அளவு தண்ணீரில் நடக்கும் உடம்புக்கு ஒரு தள்ளாட்டம் உண்டு. தோள் முன்னே போகும், கால் பின்னால் வரும். கம்ப்யூட்டர் வரைகலையில் இதைப் போலி செய்தால் வயலில் நடந்து பழகிய கண் உடனே கண்டுபிடித்துவிடும். இரண்டாவது, வெளிச்சம் கைக்குள் இருக்கும். புகையை எங்கே நிறுத்துவது, எந்தக் கிளைக்குப் பின்னாலிருந்து நீல வெளிச்சம் வர வேண்டும் என்று நிமிடத்தில் மாற்றலாம். இந்தத் தொடரின் இரவுக் காட்சிகளில் தண்ணீரின் மேல்பரப்பு எப்போதும் மெல்லிய கோடாக மின்னுகிறது. இருட்டில் ஆழம் தெரிவது அந்தக் கோட்டால்தான். இதைச் செய்யத் தவறும் தொடர்களில் இரவு என்றால் வெறும் கறுப்பு.

இரண்டாவது பலம் டெரக் மியர்ஸ். முழு உடலையும் மூடும் உடைக்குள் இருந்து நடித்தார். ஆறடிக்கு மேல் உயரம். முன்பே முகமூடி போட்ட கொலைகாரன் வேடத்தில் நடித்தவர் என்பதால் முகம் தெரியாமல் நடிக்கும் வித்தை கைவந்தது. அலெக் ஹாலண்டாக வருவது ஆண்டி பீன், உருமாறிய பிறகு மியர்ஸ். ஒரே பாத்திரத்துக்கு இரண்டு நடிகர்கள் என்பது ஆபத்தான ஏற்பாடு. மியர்ஸ் தலையைச் சாய்க்கும் விதமும் பேசுவதற்கு முன் விடும் இடைவெளியும் அந்த ஒட்டுப் போட்ட இடத்தை மறைக்கின்றன. ஆபி எதிரே நிற்கும்போது இந்த உருவம் தன்னைச் சற்றுக் குறுக்கிக்கொள்ளும். எதிரி எதிரே அப்படிச் செய்யாது. வசனம் இல்லாமலே யார் மீது என்ன உணர்வு என்று தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது, உடல் சிதையும் திகில். முதல் எபிசோடின் சவக்கிடங்குக் காட்சியைப் பாருங்கள். மேசையில் கிடத்திய பிணம். செத்த உடம்புக்குள் இன்னும் வேலை நடக்கிறது என்பதைக் காமிரா மெதுவாகக் காட்டுகிறது: தோலுக்கடியில் ஒரு நெளிவு, பிறகு கொடி, பிறகு அந்தக் கொடி இழுக்கிற இழுப்புக்குப் பிணம் அசைவது. தாவரம் மனிதனைப் பொம்மையாக ஆட்டுகிறது என்ற எண்ணத்தைச் சொல்லி விளக்காமல் பார்க்க வைத்தார்கள். தொடரின் மையக் கருவும் இதுதான், மனித உடம்புக்குள் செடி குடியேறுவது. ஆனால் எழுதியவர்கள் அதைத் திரும்பத் தொட ஒன்பதாவது எபிசோடு ஆயிற்று.

நான்காவது பலத்தை டெல்டாவில் இருப்பவர் வேறு எவரையும்விட விரைவில் பிடித்துக்கொள்வார். வில்லன் ஏவரி சண்டர்லாண்ட் வானத்திலிருந்து குதித்தவன் இல்லை. ஊருக்கு வேலை கொடுக்கிறவன், கடனில் மூழ்கியவன், எல்லா வீட்டு விசேஷத்துக்கும் வருகிறவன். சதுப்பிலிருந்து மருந்தும் லாபமும் வரும் என்று நம்பி, ஜேசன் உட்ரூ என்ற விஞ்ஞானியை வைத்துச் செடிகளின் வளர்ச்சியைத் தூண்டும் ரசாயனத்தைத் தண்ணீரில் இறக்குகிறான். ஊர் அவனைத் திட்டவும் முடியாது, விடவும் முடியாது. 2017-இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து ஊர் திரண்டதையும், 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் வந்ததையும் பார்த்தவர்களுக்கு, 'நிலத்தடியில் போவது என்ன, அதை யார் குடிக்கிறார்கள், சம்பளம் யாருக்கு' என்ற கேள்விகள் பாடம் நடத்தாமலே புரியும். வில் பாட்டன் இந்தப் பாத்திரத்தைச் சிரித்த முகமாகவே செய்திருக்கிறார். மனைவி மரியாவாக வரும் வர்ஜீனியா மேட்சன், இறந்துபோன மகளின் துக்கத்தைச் சுமக்கும் காட்சிகளில் தொடரையே ஒரு படி மேலே தூக்குகிறார்.

பலவீனம்

காமிக்ஸின் வரலாற்றில் பெரிய திருப்பம் 1984-இல் வந்தது. ஆலன் மூர் பொறுப்பேற்றதும் எழுதிய 'அனாடமி லெசன்' என்ற இதழ் அது. அதுவரை எல்லோரும் நினைத்தது: அலெக் ஹாலண்ட் என்ற மனிதன் தாவர உருவமாக மாறிவிட்டான், ஒருநாள் மனிதனாகத் திரும்புவான். மூர் அதைத் தலைகீழாக்கினார். அறுத்துப் பார்த்தால் உள்ளே நுரையீரல் போல ஒன்று இருக்கிறது, மூச்சு விடாது. இதயம் போல ஒன்று இருக்கிறது, ரத்தம் இறைக்காது. எல்லாம் செடி செய்த நகல். அலெக் அன்றே செத்துவிட்டான். அவன் நினைவுகளை உறிஞ்சிய ஒரு தாவரம், தானே அலெக் என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

தொடர் இதை எடுத்துக்கொண்டது. ஒன்பதாவது எபிசோடுக்கு அதே தலைப்பையும் வைத்தது. உட்ரூ அந்த உருவத்தை உயிரோடு அறுத்துப் பார்க்கும் காட்சியும், சேற்றிலிருந்து நிஜ அலெக்கின் உடல் வெளிப்படுவதும் பத்து எபிசோடிலும் ஆகச் சிறந்த பகுதி. அடுத்த எபிசோடில் உட்ரூ, அறுத்தெடுத்த உறுப்புகளை வீட்டுச் சமையலறையில் வாணலியில் வதக்குவான். நினைவை இழந்துகொண்டிருக்கும் மனைவிக்கு மருந்தாகும் என்று நம்பித்தான் இதைச் செய்கிறான். அன்பும் பைத்தியமும் ஒரே தட்டில். கெவின் டுராண்ட் அந்த இடத்தில் வெங்காயம் நறுக்குகிற நிதானத்தோடு நடித்திருக்கிறார்.

சிக்கல் என்னவென்றால், அதற்கு முன் எட்டு எபிசோடு 'அலெக் எப்போது மனிதனாகத் திரும்புவான், அதற்கு ஆபி மருந்து கண்டுபிடிப்பாளா' என்ற பழைய கேள்வியிலேயே ஓடுகின்றன. காமிக்ஸ் தெரிந்தவருக்கு அது பொய்க் கேள்வி என்று முதல் நாளே தெரியும். தெரியாதவருக்கு அது இந்த வகைத் தொடர்கள் எல்லாம் கேட்கும் கேள்வி. இரண்டு பேருக்கும் இழுப்பு இல்லை. உண்மை வெளிப்பட்ட பிறகு எழும் கேள்விகள்தான் புதியவை: நான் அவன் இல்லையென்றால் நான் யார், அவள் விரும்பியது யாரை? அந்தக் கேள்விகளோடு வாழ ஒன்றரை எபிசோடுதான் மிஞ்சியது. மூர் பொறுப்பேற்ற இரண்டாவது இதழிலேயே இந்தத் திருப்பத்தைப் போட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் கதையை ஆரம்பித்தார் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த குறை, கூட்டம். டேனியல் கேசிடி என்ற பழைய ஸ்டண்ட் நடிகர் ஊரை விட்டு வெளியே போக முடியாத சாபத்தில் இருக்கிறார். அவர் ப்ளூ டெவில் என்ற இன்னொரு காமிக்ஸ் நாயகன் ஆக வேண்டும். மேடம் ஸனாடு குறி சொல்கிறார். ஃபாண்டம் ஸ்ட்ரேஞ்சர் என்ற மர்ம மனிதர் வந்து புதிர் போடுகிறார். ஒரு ரகசிய நிறுவனம் பின்னாலிருந்து காய் நகர்த்துகிறது. ஷெரிஃப் லூசிலியாவுக்கும் ஏவரிக்கும் பழைய உறவு, அதன் விளைவாக மகன் மேட். ஒவ்வொன்றும் தனியாக நல்ல விதை. ஒரே பாத்தியில் போட்டதால் எதுவும் கதிர் விடவில்லை. ப்ளூ டெவில் கதைக்குக் கொடுத்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால், அது அலெக்கின் கதையைத் தொடவே இல்லை என்பது தெரியும். அடுத்தடுத்த சீசன்களுக்கு, வேறு தொடர்களுக்கு, என்று போட்ட விதைகள் அவை. மறுபோகம் உறுதி என்று நம்பி முதல் போகத்தைக் குறைத்துக்கொண்ட திரைக்கதை.

மூன்றாவது குறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். நடு எபிசோடுகளில் 'வாரம் ஒரு பேய்' அமைப்பு வருகிறது. நான்காவது எபிசோடில், தொட்டவரின் ஆழ்மனப் பயத்தைக் கிளப்பிவிடும் அழுகல் ஒன்று ஊருக்குள் பரவுகிறது. அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த எபிசோடில் கற்றது எதுவும் அடுத்ததில் யாருக்கும் உதவுவதில்லை.

ரத்தானது எப்படி

படப்பிடிப்பு 2018 நவம்பரில் தொடங்கியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், செப்டம்பர் 14-இல், ஃப்ளோரன்ஸ் புயல் வில்மிங்டனுக்குப் பக்கத்தில் கரை கடந்திருந்தது. (அதே நவம்பர் 16-இல் கஜா இங்கே வேதாரண்யத்தைத் தாண்டி முத்துப்பேட்டைக் காட்டைப் புரட்டிப் போட்டது. இரண்டு சதுப்புகளுக்கும் அது கெட்ட ஆண்டு.) திட்டம் 13 எபிசோடு. 2019 ஏப்ரலில், பத்தாவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி உத்தரவு வந்தது. அப்போது முதல் எபிசோடு வெளியாகவே இல்லை.

கடைசி எபிசோடின் தலைப்பு 'லூஸ் எண்ட்ஸ்'. தொங்கும் நூல்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பதின்மூன்றில் அவிழ்க்க வேண்டிய முடிச்சுகளைப் பத்தில் அவிழ்த்ததன் தடம் அதில் தெளிவாகத் தெரிகிறது.  மரணங்கள் அடுத்தடுத்து வருகின்றன, எதற்கும் துக்கம் காக்க இடமில்லை. பெயர்ப் பட்டியல் ஓடும் நேரத்தில் உட்ரூ முழுத் தாவர மனிதனாக நிற்பதைக் காட்டி முடிக்கிறார்கள். இரண்டாம் சீசனுக்கான வாசல் அது. அந்தக் காட்சி ஒளிபரப்பானபோது வீடே இல்லை.

ரத்தான உடனே ஒரு வதந்தி பரவியது: மாநில அரசு தருவதாகச் சொன்ன நான்கு கோடி டாலர் மானியம், ஏதோ காகிதப் பிழையால் குறைந்துவிட்டது என்று. அந்த மாநிலத்தின் திரைப்பட அலுவலகம் இதை மறுத்தது. மறுக்காவிட்டாலும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். அன்றைய வட கரோலினா திட்டத்தில் தகுதியான செலவில் 25 சதவீதம்வரை திரும்பக் கிடைத்தது. தொடர் என்றால் அப்போது சீசனுக்கு 1.2 கோடி டாலர்தான் உச்சவரம்பு. நான்கு கோடி என்ற பேச்சுக்கே அங்கே இடமிருக்கவில்லை. மானியக் கணக்கைத் தெரிந்தவர்களிடம் கேட்காமல் ஆயிரக்கணக்கானோர் அதைப் பகிர்ந்தார்கள்.

பின்னால் நடந்தவற்றை வரிசையாக வைத்தால் வேறு படம் தெரிகிறது. டிசி யுனிவர்ஸ் என்ற கட்டணச் சேவை 2018 செப்டம்பரில் தொடங்கியது. டிசி கதைகளுக்கு மட்டுமான சின்னக் கடை. அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஏடி&டி நிறுவனம் டிசியின் தாய் நிறுவனமான டைம் வார்னரை வாங்கியிருந்தது. புதிய முதலாளிக்குத் தேவைப்பட்டது ஒரே பெரிய கடை. 2019 ஜூலையில் ஹெச்பிஓ மேக்ஸ் அறிவிப்பு, 2020 மே மாதம் திறப்பு. 2021 ஜனவரியில் டிசி யுனிவர்ஸ் வெறும் காமிக்ஸ் வாசிப்புச் சேவையாகச் சுருங்கியது. 'டைட்டன்ஸ்', 'டூம் பேட்ரோல்' போன்றவை புதுக் கடைக்கு இடம்பெயர்ந்தன. ஸ்வாம்ப் திங் இடம்பெயரும் முன்பே அடங்கிவிட்டது. 2020 அக்டோபரில் சிடபிள்யூ அலைவரிசை இதே பத்து எபிசோடை வாங்கி ஒளிபரப்பியது. புது எபிசோடு எடுக்க யாரும் முன்வரவில்லை.

நிறுத்தச் சொன்னவர்கள் காரணத்தை விரிவாகச் சொல்லவில்லை. எங்கள் கணிப்பு இது: கடை கைமாறும் நேரத்தில் எந்தச் சரக்கை வெட்டலாம் என்று பார்த்தால், எபிசோடுக்கு எபிசோடு குறையாத செலவு உள்ளதுதான் முதலில் கண்ணில் படும். வசனத்தால் நகரும் தொடரில் கைகாசு குறைந்தால் இரண்டு அறைக்குள் ஒரு எபிசோடை முடித்துவிடலாம். இந்தத் தொடரில் நாயகனைக் காட்ட வேண்டுமானாலே உடை, மேக்கப் குழு, தண்ணீர், பாதுகாப்பு ஆட்கள் எல்லாம் வேண்டும். அவனைக் காட்டாமல் இருந்தால் தொடரே இல்லை. 1990-களின் மலிவுத் தொடர் 72 எபிசோடு தாக்குப்பிடித்ததற்கும் இதுதான் காரணம். அதை வெட்டி மிச்சம் பிடிக்க எதுவுமில்லை.

இதையே முத்துப்பேட்டையில் எடுத்தால்

இடத்திலிருந்து தொடங்குவோம். லூசியானா சதுப்பின் பயம் உயரத்தில் இருக்கிறது. நெடிய மரம், அதிலிருந்து தாடி போலத் தொங்கும் பாசி, மேலே கூரை. முத்துப்பேட்டையில் கூரை கிடையாது. இங்கே பெரும்பகுதி அலையாத்தி மரம், உயரம் குறைவு. பாமணியாறும் கோரையாறும் வந்து சேரும் காயல் அகன்று திறந்து கிடக்கிறது, வானம் பெரிது. தாங்குவேர் வளைந்து இறங்கும் குறுகிய ஓடைகள் வேண்டுமென்றால் கொள்ளிடத்துக்கு வடக்கே பிச்சாவரம் போக வேண்டும். அகன்ற இடத்தில் பயத்தை மறைப்பால் உண்டாக்க முடியாது, தூரத்தால்தான் முடியும். காமிராவைத் தண்ணீரிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்து, எதிர்க்கரையில் ஒரு உருவம் அசையாமல் நிற்பதைக் காட்டினால் போதும். மேலிருந்து ட்ரோன் காட்சி எடுத்தால் அழகு வரும், பயம் போய்விடும்.

முத்துப்பேட்டைக் காடு காப்புக்காடு. கோடியக்கரையோடு சேர்த்து 2002-இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் காமிராவோடு ஜாம்பவானோடையில் படகு ஏறவே கூடாது. அனுமதி கிடைத்தாலும் ஜெனரேட்டர், புகை இயந்திரம், இரவு விளக்கு என்று உள்ளே கொண்டுபோக நினைக்காதீர்கள். காட்டுக்குள் எடுக்க வேண்டியது பகல் வெளிச்சத்தில் தூரக் காட்சிகள் மட்டும். ஐந்தாறு பேர், ஒரு காமிரா, இரண்டு பேட்டரி. அதற்குமேல் போனால் சேறே தடுத்துவிடும். காயலில் பல இடங்களில் ஆழம் ஒரு மீட்டர்கூட இராது. ஆள் அதிகமானால் படகு தரைதட்டும். கரையில் அலையாத்தியின் மூச்சுவேர்கள் பென்சில் நுனிபோல ஆயிரக்கணக்கில் நிமிர்ந்து நிற்கும். வெறுங்காலைக் குத்தும், மிதித்தால் வேரும் ஒடியும். ரப்பர் பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டு கால் மட்டும் வெளியே வரும். நீளப் பலகை போட்டு அதன்மேல் நிற்பதே வழி.

தில்லை மரத்தை அடையாளம் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. காட்சிக்காகக் கிளை ஒடிக்கிற பழக்கம் உள்ள கலை உதவியாளரை அன்று வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நெருக்கக் காட்சிகளுக்குச் சதுப்பைக் கட்டத்தான் வேண்டும், வில்மிங்டன்காரர்கள் செய்ததுபோல. நம்மிடம் ஸ்டூடியோ தொட்டி இல்லை, கைவிடப்பட்ட இறால் குட்டைகள் இருக்கின்றன. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வாடகைக்கே கிடைக்கும். நாலு பக்கமும் கரை இருப்பதால் அதன்மேல் காமிராவையும் விளக்கையும் நிறுத்தலாம். தரை ஓரளவு சமதளம். தண்ணீரை இடுப்பளவுக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம். அடியில் உடைந்த கண்ணாடி, கம்பி, பழைய வலை கிடக்கும். தண்ணீர் விடுவதற்கு முன் காய்ந்த தரையிலேயே ஆள் வைத்துப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். தண்ணீர் விட்ட பிறகு தேட முடியாது. உப்பு ஏறிய தண்ணீர் என்றால் ஒவ்வொரு நாளும் முக்காலியின் மூட்டுகளை நன்னீரில் கழுவித் துடைக்காவிட்டால் இரண்டாம் வாரம் திருகே நகராது.

செடிகளுக்குக் காசு வேண்டாம். வாய்க்கால்களை அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் கேட்டால் ஊர்க்காரர்களே அள்ளிப்போகச் சொல்வார்கள். ஆகாயத்தாமரை குட்டையில் சில நாள் பச்சையாக இருக்கும், உப்புத் தண்ணீரில் சீக்கிரம் பழுத்துவிடும். எனவே நெருக்கக் காட்சிக்கு முந்தின நாள் மாலை இறக்குவது நல்லது. படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் வாரிக் காய வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அடுத்த குளத்துக்குப் பரவினால் நாம்தான் கதையின் வில்லன். கதைக்கே இந்தச் செடிகள் பொருத்தம். வெளியூரிலிருந்து வந்து நம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டவை. பேசுகிற பச்சை உருவத்துக்கு இதைவிட நல்ல எதிரி கிடையாது.

உடை. உள்ளே ஒருவர் மூச்சுவிட்டு, பேசி, தண்ணீரில் நடக்க வேண்டும். நுரை ரப்பரில் செய்தால் லேசாக இருக்கும், ஆனால் தண்ணீரைக் குடித்துவிடும். கரையேறும்போது நடிகர் தன்னோடு குடம் குடமாகத் தண்ணீரையும் தூக்குவார். அதனால் அடிப்படை உடையாக நீச்சல்காரர்கள் அணியும் நியோப்ரீன் உடையை எடுத்துக்கொண்டு, அதன்மேல் ரப்பர் பாலில் தோய்த்த தென்னை நார், கோரை, சணல் ஆகியவற்றை அடுக்கடுக்காக ஒட்டினால் நீர் வடியும். குதிகாலிலும் முழங்காலின் பின்புறமும் வடிகால் துளைகள் அவசியம். கழுத்தில் ஒட்டு வைக்காதீர்கள். வியர்வையில் முதலில் பிரிவது அதுதான், காமிராவுக்கு முதலில் தெரிவதும் அதுதான். கழுத்தைச் சுற்றிப் பாசி போலத் தொங்கவிட்டு மூடிவிடலாம். இரண்டு உடைகள் தேவை: முகம் தெரியும் நெருக்கக் காட்சிக்கு ஒன்று, தண்ணீரில் விழுந்து எழ ஒன்று. இரவில் இரண்டையும் தலைகீழாகத் தொங்கவிட்டு மின்விசிறி போட வேண்டும். சுருட்டி வேனில் போட்டால் மறுநாள் நாற்றம், மூன்றாம் நாள் பூஞ்சை. பூஞ்சை பிடித்த உடையை ஒருவர் முகத்துக்குப் பக்கத்தில் மாட்டக் கூடாது.

இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஒரு தடவைக்கு இருபது நிமிடத்துக்குமேல் உடைக்குள் ஆளை வைத்திருக்கக் கூடாது. தலைப்பாகம் தனியாகக் கழலும்படி இருக்கட்டும். உப்பு, சர்க்கரை கரைத்த தண்ணீரோடு ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அவர் 'போதும்' என்றால் இயக்குநர் மறுபேச்சுப் பேசக் கூடாது என்பதை முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுவது நல்லது. உருவத்தின் நேரத்தைத் திரைக்கதையிலேயே எண்ண வேண்டும். 25 நிமிட எபிசோடில் முழு உருவம் மூன்று நிமிடத்துக்குமேல் வேண்டாம். மீதிக்குக் கை, நிழல், தண்ணீரில் நகரும் கோடு போதும்.

காலம். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். ஏப்ரலுக்குமேல் வெயிலில் உடைக்குள் யாரும் நிற்க முடியாது. பொங்கல் கழிந்து ஜனவரி கடைசி வரை ஒரு ஜன்னல் திறக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் இருக்கும், வானம் தெளிந்திருக்கும், விடியற்காலைப் பனிமூட்டம் காசில்லாமல் கிடைக்கும். வாய்க்கால் காட்சிகளை அதற்குள் முடித்துவிட்டு, குட்டைக் காட்சிகளைப் பிப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளலாம். சம்பா அறுவடை நேரம் என்பதால் ஊரில் கூலிக்கு ஆள் கிடைப்பது சிரமம். அதைக் கணக்கில் வைக்காமல் தேதி குறித்தால் விளக்குத் தூக்க ஆளிருக்காது.

திரைக்கதை வரிசையில் வில்மிங்டன்காரர்கள் செய்யாததைச் செய்ய வேண்டும். ஐந்து எபிசோடு எழுதினால், 'நான் அவன் இல்லை' என்று அந்த உருவத்துக்குத் தெரியவரும் காட்சி இரண்டாவதின் முடிவிலேயே வந்துவிட வேண்டும். மீதி மூன்றும் அதன் விளைவு. அந்தக் காட்சிக்கு வேண்டியவை இரண்டு நடிகர்கள், ஒரு குட்டை, ஒரு டார்ச், சேற்றிலிருந்து தூக்கி எடுக்க ஒரு எலும்புக்கூடு, சட்டைப்பையில் அவன் பெயர் போட்ட அடையாள அட்டை. பணமும் உடையும் புதிதாக இருக்கும் முதல் ஷெட்யூலின் முதல் மூன்று நாளுக்குள் இதை எடுத்துவிட வேண்டும். பிறகு காசு தீர்ந்து வேறு எதை வெட்ட நேர்ந்தாலும் கதை கையில் இருக்கும்.